அடித்தும் வெடிக்காத தோட்டா

1841ஆம் ஆண்டு மே 30. கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊர்ப்புற வயல்வெளி. முதலாம் அபினிப் போர் நடந்துகொண்டிருந்தது. சென்னை ராணுவத்தின் 37ஆம் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த சுமார் 60 சிப்பாய்கள், கொட்டும் மழையில் தங்கள் படையிலிருந்து பிரிந்து வழி தவறிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தார் ஈட்டியும் வாளுமாக அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்கள் சதுர அணி வகுத்து நின்றார்கள். துப்பாக்கியை உயர்த்தி விசையை இழுத்தார்கள். கல் எஃகில் உரசியது, மருந்து பற்றவில்லை. மழையில் எல்லாம் சேறாகிப் போயிருந்தது. கடைசியில் துப்பாக்கி முனையிலிருந்த கத்தியை நம்பித்தான் அவர்கள் அன்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவர்களைத் தேடிக் கடற்படை வீரர்கள் இரண்டு கம்பெனி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வந்ததும் அதே மழையில்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தவை வேறு வகைத் துப்பாக்கிகள். மழையிலும் வெடித்தன. சூழ்ந்திருந்த கூட்டம் கலைந்தது, சிப்பாய்கள் மீட்கப்பட்டார்கள். சீனத்தில் அந்த நாள் அந்நியரை எதிர்த்து ஊர்மக்கள் திரண்ட நாளாக இன்றும் போற்றப்படுகிறது. துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்களோ அதை வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரே களம், ஒரே மழை, இரண்டு வகைப் பற்றவைப்பு. எது வேலை செய்யும், எது செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

திட்டமிட்ட சோதனையும் முன்பே நடந்திருந்தது என்பதுதான் வேதனை. 1834இல் இங்கிலாந்தின் ஊலிச் ஆயுதச் சாலையில் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் வைத்து, வகைக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. அடித்தால் வெடிக்கும் சிறு தொப்பி (கேப்) வைத்த துப்பாக்கி 36 முறை மட்டுமே ஏமாற்றியது. அதாவது முன்னது ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று; பின்னது 166க்கு ஒன்று. இந்தக் கணக்கு லண்டனில் கையில் இருந்தும் சென்னைச் சிப்பாய்களைக் கல் துப்பாக்கியோடு சீனத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பழைய ஆயுதம் அன்று அறுபது பேரைச் சாவின் வாசலில் நிறுத்தியது.

கல் துப்பாக்கி ஏன் அப்படி ஏமாற்றியது என்பதை அறிய அதன் பக்கவாட்டைப் பார்த்தால் போதும். குதிரை எனப்படும் சுத்தியின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கீழே உள்ள சிறு கிண்ணியில் விழும். கிண்ணியில் தூவிய மருந்து பற்றி, அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் நுழைந்து உள்ளே இருக்கும் மருந்தை எட்ட வேண்டும். கல் மழுங்கியிருக்கலாம், தகடு தேய்ந்திருக்கலாம், கிண்ணி மருந்து நனைந்திருக்கலாம், துளை கரியால் அடைத்திருக்கலாம். இதில் எந்த ஒன்று பிசகினாலும் புஸ்ஸென்று போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும், கிண்ணியில் வெளிச்சம் தெரிவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு.

அந்த இடைவெளியால் மனம் நொந்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியில் பெல்ஹெல்வி என்ற ஊரின் சபை ஊழியர் அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்சைத். காட்டு வாத்து வேட்டையில் ஆர்வம் உள்ளவர். கிண்ணியில் தீ மின்னியதைக் கண்டதும் பறவைகள் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். குண்டு போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. வெளியே தீ தெரியாத ஒரு பற்றவைப்பை அவர் தேடினார். அடித்தாலே வெடிக்கும் உப்புகளை வேதியியலாளர்கள் அப்போது அறிந்திருந்தார்கள். 1800இல் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபுல்மினேட்டைப் பற்றி ராயல் சொசைட்டியில் எழுதியிருந்தார். அந்த ஆய்வின்போது அவரே காயமடைந்தார். குழலுக்குள் மருந்தாகப் போட்டால் துப்பாக்கியையே பிளந்துவிடும் இந்தப் பொருளை, மருந்தைப் பற்றவைக்கும் திரியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று கண்டதுதான் ஃபோர்சைத்தின் பெருமை.

1806இல் அவருக்கு லண்டன் கோபுரக் கோட்டையிலேயே ஒரு பட்டறை கொடுத்தார் ஆயுதத் துறைத் தலைவராக இருந்த மொய்ரா பிரபு. அடுத்து வந்த சாத்தம் பிரபுவுக்கு இதில் நம்பிக்கை இல்லை; பாதிரியாரை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அந்த விண்ணப்பத்தை எழுத உதவியவர் நீராவி இயந்திரத்தின் ஜேம்ஸ் வாட். நெப்போலியன் பெருந்தொகை கொடுத்து ரகசியத்தைக் கேட்டதாகவும், பாதிரியார் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. சொந்த அரசாங்கம் அவருக்குச் சிறு வெகுமதி ஒதுக்கத் துணிந்தபோது 1840கள் பிறந்துவிட்டன. 1843இல் அவர் காலமானார்.

ஃபோர்சைத்தின் கருவி அத்தர்ச் சிமிழ் போன்ற வடிவத்தில் வெடிதூளைக் கொட்டிக் கொடுப்பது, சிக்கலானது. அதை எளிதாக்கியது செம்புத் தொப்பி. விரல்நுனியில் பிடிக்கக்கூடிய ஒரு சின்னஞ்சிறு கிண்ணம், அதன் அடியில் ஒரு பொட்டு வெடிமருந்து. துப்பாக்கியின் பின்புறம் உள்ள சிறு முனையில் கவிழ்த்து வைத்தால் போதும். குதிரை அதன் தலையில் அடிக்கும். இதை முதலில் செய்தது யார் என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய நிலக்காட்சி ஓவியர் ஜோஷுவா ஷா 1822இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப் போட்டுச் சுட்ட ஒவ்வொருவருக்கும் இதன் அடிப்படை தெரியும். அடி பொட்டின் மேல் சரியாக விழாவிட்டால் அந்தக் கேப் வெடிக்காது என்பதும் தெரியும்.

இந்தத் தொப்பி இல்லாவிட்டால் ரிவால்வரே இல்லை. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஒரு முனை, ஒவ்வொரு முனைக்கும் ஒரு தொப்பி. கிண்ணியில் தூவிய மருந்தோடு உருளையைச் சுழற்ற நினைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். கீழே கொட்டாமலும், பக்கத்து அறை சேர்ந்து பற்றாமலும் பார்த்துக்கொள்வதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோல்ட் ரிவால்வரும் ஏமாற்றாமல் இல்லை. வெடித்த செம்புத் தொப்பி நாலாகக் கிழியும். அந்தத் துண்டு ஒன்று குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விழுந்தால் அடுத்த அடி முழுமையாக இறங்காது; உருளைக்கடியில் சிக்கினால் உருளையே சுழலாது. பழகிய கைகள் குதிரையைப் பின்னுக்கு இழுக்கும்போது துப்பாக்கியின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொள்ளும். துண்டு தானாகப் பின்னால் உதிர்ந்துவிடும். இரவுக் காற்றின் ஈரம் இன்னொரு தொல்லை. மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1865இல் நடந்த நேருக்கு நேர் மோதலால் பெயர்பெற்ற வைல்ட் பில் ஹிக்காக், நாள்தோறும் தன் இரண்டு ரிவால்வர்களையும் சுட்டுத் தீர்த்து, துடைத்து, புது மருந்தும் புதுத் தொப்பியும் இட்டுக்கொள்வார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய நிலையில் அது வீண் பயம் ஆகாது. தன் தோட்டாவைத் தானே இட்டு, தானே பரிசோதித்த மனிதர் அவர். பின்னால் வந்த, தோட்டாவைத் தாமே நிரப்பும் கைத்தோட்டாக்காரர்களின் மூதாதை என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம்.

மருந்து, குண்டு, தொப்பி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்தபோது மழை என்ற எதிரி ஒழிந்தது. ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1857இல் விற்ற முதல் ரிவால்வர் .22 அளவுள்ள செம்புத் தோட்டாவைச் சுட்டது. உருளையைப் பின்புறம் வரை துளைக்கும் உரிமை ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் அவருக்குப் போயிற்று. அந்தத் தோட்டாவில் வெடிமருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருந்தது. ஈரமாக ஊற்றிச் சுழற்றினால் மருந்து விளிம்பைச் சுற்றிப் பரவ வேண்டும். சில இடத்தில் பரவாமல் வெறுமையாக நிற்கும். குதிரை அந்த வெறும் இடத்தில் அடித்தால் சத்தம் மட்டும்தான். தோட்டாவை எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி அடித்தால் வெடிக்கும். இன்றைய .22 தோட்டாவிலும் அந்தக் குணம் முற்றாகப் போகவில்லை. இந்த வகைக் கூட்டை ஒருமுறை சுட்டால் அதோடு சரி. மீண்டும் நிரப்ப வழி இல்லை.

மீண்டும் நிரப்பும் வழியை 1866 திறந்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு பேர், கடலின் இரு கரைகளில், கூட்டின் அடி நடுவே பிரைமர் என்ற சிறு பற்றவைப்புக் கிண்ணத்தைத் தனியாகப் பொருத்தும் வகைக்குக் காப்புரிமை பெற்றார்கள். மார்ச் மாதம் அமெரிக்கர் ஹைரம் பெர்டன். உள்நாட்டுப் போரில் குறி பார்த்துச் சுடும் படைப்பிரிவை நடத்தியவர். அக்டோபரில் இங்கிலாந்தின் எட்வர்ட் மௌனியர் பாக்ஸர். ஊலிச்சின் அரசு ஆய்வுச்சாலைத் தலைவர். இரண்டுக்கும் ஒரே ஒரு அடிப்படை வேறுபாடு. பிரைமர் வெடிக்க அடி மட்டும் போதாது. அந்த அடியைத் தாங்க எதிரே ஒரு பட்டடையும் வேண்டும். சுத்திக்கும் பட்டடைக்கும் நடுவே நசுங்கினால்தான் மருந்து வெடிக்கும். பெர்டன் அந்தப் பட்டடையைத் தோட்டாக் கூட்டோடு சேர்த்தே உருவாக்கி, அதன் இரு பக்கமும் தீ போகச் சின்னத் துளைகள் வைத்தார். பாக்ஸர் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே தனித் துண்டாகச் செருகி, கூட்டின் நடுவில் ஒரே துளை வைத்தார்.

அமெரிக்கரின் வகை ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலேயரின் வகையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இந்த இடமாற்றத்தால்தான் கைத்தோட்டா என்ற பழக்கமே அமெரிக்காவில் வேரூன்றியது. பாக்ஸர் கூட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பியை நேராக இறக்கினால் நடுத்துளையில் போய் நின்று, சுட்டுமுடித்த பிரைமரை வெளியே தள்ளிவிடும். பெர்டன் கூட்டில் நடுவில் பட்டடை நிற்கும், கம்பி இறங்காது, பிரைமரை வெளியிலிருந்து கொக்கி போட்டு நெம்ப வேண்டும். ஒரு துளையின் இடம், ஒரு கண்டத்தின் பழக்கத்தைத் தீர்மானித்தது. பாக்ஸருக்கோ அந்தக் கண்டுபிடிப்பு நிம்மதி தரவில்லை. அரசுப் பதவியில் இருந்துகொண்டு தன் காப்புரிமையால் லாபம் பார்க்கிறார் என்ற சர்ச்சையில் சில ஆண்டுகளுக்குள் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமையை வேட்டையாடியவர்கள் கூடாரத்திலேயே தோட்டா நிரப்பினார்கள். பித்தளைக் கூடு விலை மிகுந்தது. மருந்தும் ஈயமும் பிரைமரும் பெட்டியில் எடுத்துப்போவது எளிது. ரிவால்வர் வாங்கியவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியே நிரப்பும் கருவிகளையும் விற்றது. 1884இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனியின் இடுக்கி, பண்ணை வீடு தோறும் புகுந்தது. ஒரே இடுக்கியில் பழைய பிரைமரைத் தள்ளலாம், புதியதைப் பொருத்தலாம், குண்டை இறுக்கலாம். அந்த வகை இடுக்கி கம்பெனிகள் கை மாறி, லைமன் பெயரிலும் நெடுங்காலம் விற்பனையில் இருந்தது.

வீட்டு மேசையில் தோட்டா நிரம்பத் தொடங்கியதும் வெடிக்காத தோட்டாவின் காரணங்களும் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன.

அவற்றுள் தலையாயது மிக எளிமையானது. பிரைமர் அதன் குழியின் அடிவரை இறங்காமல் நிற்பது. பாக்ஸர் பிரைமரின் பட்டடைக்குச் சின்னக் கால்கள் உண்டு. அந்தக் கால்கள் குழியின் தரையில் ஊன்றி நின்றால்தான் அடி நேராக மருந்தைத் தாக்கும். குழியில் பழைய கரி படிந்திருந்தாலோ, இடுக்கியைப் பிடித்த கை பாதியில் தளர்ந்தாலோ, பிரைமர் அந்தரத்தில் நிற்கும். குதிரை அடிக்கும், அடியின் வலு முழுவதும் பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். கடக் என்ற ஓசையோடு சரி. உருளை ஒரு சுற்று வந்து அதே தோட்டா மறுபடி குதிரைக்கு நேரே வரும்போது பிரைமர் ஏற்கெனவே தரையில் ஊன்றியிருக்கும்; இம்முறை பட்டென்று வெடிக்கும். முதல் அடியில் ஏமாற்றி இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டா, தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். பிரைமரின் தலை கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் மூன்று முதல் ஐந்து பங்கு ஆழத்தில், இருக்க வேண்டும். விரல்நுனி அந்த வித்தியாசத்தை உணரும். மேடாகத் தட்டுப்பட்டால் அந்தத் தோட்டா ரிவால்வரின் பின்தகட்டில் உரசி, உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

அடுத்த காரணம் தோட்டாவில் இல்லை, துப்பாக்கியில் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் பலவற்றின் கைப்பிடி முன்பக்கத்தில், கீழ்ப்புறமாக ஒரு திருகாணி இருக்கிறது. உள்ளே வில்லாக வளைந்து நிற்கும் பட்டை ஸ்பிரிங்கை அது அழுத்திப் பிடிக்கிறது. போட்டிகளில் சுடுபவர்கள் விசை இலகுவாக வேண்டும் என்று அந்தத் திருகாணியைச் சற்றே தளர்த்துவார்கள். சிலர் அரத்தால் தேய்த்துக் குட்டையாக்கியும் விடுவார்கள். விசை இலகுவாகும், குதிரையின் அடியும் சோர்ந்துபோகும். பிரைமரின் உலோகக் கிண்ணம் எல்லாக் கம்பெனியிலும் ஒரே தடிமன் இல்லை. ஃபெடரல் பிரைமர் மென்மையானது, சிசிஐ கடினமானது என்பது அமெரிக்கக் கைத்தோட்டாக்காரர்கள் நடுவே நெடுநாள் பேச்சு. இலகுவாக்கிய ரிவால்வர் ஒரு கம்பெனியின் பிரைமரை வெடிக்க வைக்கும், இன்னொன்றை வெடிக்க வைக்காது. குற்றம் சுமத்தப்படுவதோ பாவம், பிரைமர். வெடிக்காத தோட்டாவை எடுத்து அதன் அடியில் பதிந்த தழும்பைப் பார்த்தாலே தெரியும். தழும்பு ஆழமாக, நடுவில் இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலோட்டமான கீறலாக இருந்தால் திருகாணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியின் கட்டுமானத்தாலேயே தோட்டா வெடிக்காமல் போனதற்கு முதல் உலகப் போரில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. 1917இல் அமெரிக்க ராணுவத்துக்கு .45 பிஸ்டல் போதாமல், அதே தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களைக் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெசனும் செய்துகொடுத்தன. பிஸ்டல் தோட்டாவுக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. ரிவால்வர் தோட்டாவோ அந்த விளிம்பில்தான் உருளையின் வாயில் தொங்கி நிற்கும். எனவே மூன்று மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் அரைவட்ட எஃகுத் தகடுகளைச் செய்தார்கள். ஸ்மித் அண்ட் வெசன் உருளையின் அறைக்குள் ஒரு சிறு படி வெட்டியிருந்ததால் தகடு இல்லாமலும் தோட்டா சரியான ஆழத்தில் நின்றது. கோல்ட்டின் தொடக்க கால உருளைகள் நேராகத் துளைக்கப்பட்டவை. தகடு இல்லாமல் போட்டால் தோட்டா உள்ளே சரிந்துவிடும். குதிரையின் ஊசி எட்டாது. போருக்குப் பின் இந்த ரிவால்வர்களை மலிவாக வாங்கியவர்களுக்காக, 1920இல் பீட்டர்ஸ் கம்பெனி தடித்த விளிம்பு வைத்த .45 ஆட்டோ ரிம் தோட்டாவைக் கொண்டுவந்தது.

சரி, பிரைமர் என்றுமே குற்றமற்றதா? இல்லை. அதன் மருந்தே கெட்டுப்போன காலமும் உண்டு. அதே 1917இல், பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு அரசு ஆயுதச் சாலையில் செய்த தோட்டாக்கள் வெடிக்காமலும் தாமதமாக வெடித்தும் தொல்லை கொடுத்தன. போர் விமானங்களில் சுழலும் இறக்கைக்கு நடுவே சுடும் இயந்திரத் துப்பாக்கிக்கு நொடியின் சிறு துளித் தாமதம்கூடச் சொந்த இறக்கையைத் துளைத்துவிடும். பிரைமர் கலவையில் இருந்த கந்தகம், மற்றொரு பொருளின் கலப்படத்தோடு சேர்ந்து அமிலமாகி, மருந்தை உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டது என்று பிறகு கண்டார்கள். ஆலையை நிறுத்தி, வின்செஸ்டர் கம்பெனியின் கலவையை எடுத்துக்கொண்டார்கள். ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர் 1947இல் வெளியிட்ட தம் குறிப்பேட்டில் இதை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். தன் துறையின் தோல்வியைப் பதிவு செய்யத் துணிந்த அவர் நேர்மைக்கு இன்றைய வாசகர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

கைத்தோட்டாக்காரர்களை இன்னும் நெருக்கமாகத் தொட்டது பாதரசம். பாதரசப் பிரைமர் சுட்டபின் கூட்டின் பித்தளைக்குள் பாதரசம் ஊறி அதை நொறுங்கும் பொருளாக்கிவிடும். கரிமருந்துக் காலத்தில் ஏராளமான கரி அதை நீர்த்துப்போகச் செய்தது. புகையற்ற மருந்து வந்தபின் அந்தப் பாதுகாப்பு போயிற்று. இரண்டாம் முறை நிரப்பிய கூடு பிளந்தது. பாதரசத்தை விட்டு குளோரேட் உப்புக்கு மாறினார்கள். கூடு பிழைத்தது, குழல் துருப்பிடித்தது. வெடித்தபின் எஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் சினாக்ஸிடும், அமெரிக்காவில் 1927இல் ரெமிங்டனின் கிளீன்போரும் வந்தபோதுதான் குழலுக்குத் துருவிலிருந்து விடிவு காலம் பிறந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்களால் இந்தப் பழக்கம் பெருகியது. கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன் ஆர்சிபிஎஸ் கருவிகளை உருவாக்கினார். 1951இல் ஐடஹோவில் தொடங்கிய சிசிஐ, தனியாருக்கான பிரைமர் செய்தது. ரிச்சர்ட் லீ 1958இல் கொண்டுவந்த லீ லோடருக்கு வேண்டியது ஒரு சுத்தியல் மட்டுமே. சமையலறை மேசையில் ஒருவர் 50 தோட்டாவை மாலைக்குள் நிரப்பிவிடலாம் என்றானது. இங்கேதான் எண்ணெய் நுழைகிறது. கூட்டை அச்சில் நுழைக்க மசகு தடவுவார்கள். அதே விரலால் பிரைமரை எடுத்துப் பொருத்தினால் மசகு அதன் மருந்துக்குள் ஊறலாம். இன்று வெடிக்கும், சில வாரம் கழித்து அதே பெட்டியில் ஒன்றிரண்டு வெடிக்காது. துப்பாக்கியின் அறைகளைத் துடைத்து எண்ணெய் விட்டு, அதிலேயே தோட்டாவை நிரப்பி அலமாரியில் வைப்பவர்களுக்கும் இது நேரலாம்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது வெடிக்காத தோட்டா அல்ல, அரைகுறையாக வெடித்தது. .38 ஸ்பெஷல் 1890களின் இறுதியில் கரிமருந்துக்காக வடிவமைத்த கூடு. இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் சிறிதளவே கிடக்கும். மங்கிய விளக்கில் மருந்து போட்ட கூடும் போடாத கூடும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மருந்து போட மறந்த தோட்டாவில் பிரைமர் ஒழுங்காக வெடிக்கும். அந்த வலுவே குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடப் போதுமானது. சுடுபவர் காதுக்கு ஒரு மெல்லிய டப் ஒலி. கையில் உதைப்பு இல்லை. குண்டு உருளைக்கும் குழலுக்கும் நடுவில் சிக்கினால் நல்லது; உருளை சுழலாமல் நின்று எச்சரிக்கும். இன்னும் கொஞ்சம் முன்னால் போய்ச் சிக்கினால் உருளை தாராளமாகச் சுழலும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

ரிவால்வரைப் புகழ்பவர்கள் எல்லோரும் சொல்லும் பெருமை ஒன்று உண்டு: ஒரு தோட்டா ஏமாற்றினால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். காவலருக்கும் போர்வீரருக்கும் அது உயிர் காக்கும் குணம்தான். கைத்தோட்டாவோடு சுடுதளத்தில் நிற்பவருக்கு அதே குணம் ஆபத்து. வெடிக்காத தோட்டா உண்மையில் தாமதித்து வெடிக்கப் போகும் தோட்டாவாக இருந்தால், உருளை சுழன்றபின் அது குழலுக்கு நேராக இல்லாத அறையில் இருந்து வெடிக்கும். அமெரிக்கச் சுடுதளங்களில் குழலை இலக்கை நோக்கியபடி 30 நொடி காத்திருக்கச் சொல்வது இதனால்தான். மெல்லிய டப் ஒலி கேட்டாலோ அதோடு நிறுத்தி, தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டு விதிகளிலும் விலக்கே கூடாது.

வெடிக்காத தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு உடனே பிரைமர் கம்பெனியைத் திட்டுவது அமெரிக்கக் கைத்தோட்டாக்காரர்களின் பழைய பழக்கம். ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச் சாலையே தவறியிருக்கிறது என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. ஆனாலும் தேட வேண்டிய வரிசை வேறு. முதலில் நிரப்பிய கை, பிறகு துப்பாக்கி, கடைசியில்தான் பிரைமர். 30 நொடி பொறுத்தபின் அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்துப் பார்ப்பதே முதல் விசாரணை. வெடித்தால் பிரைமர் சரியாக இறங்கவில்லை, அல்லது முதல் அடியில் வலு இல்லை. இரண்டாவது அடியும் ஆழமாகப் பதிந்து வெடிக்காமல் போனால்தான் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, எண்ணெயோ ஈரமோ பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். அதிலும் ஒன்றும் அகப்படாவிட்டால், பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு பிரைமர் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம்.